வீட்டு வைஃபை: தாங்கும் பூட்டும் தாங்காத பூட்டும்

2008 ஜூலை 26 மாலை, அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தியன் முஜாகிதீன் என்ற பெயரில் வந்த மிரட்டல் அது. அன்றைய தொடர் குண்டுவெடிப்பில் 56 பேர் இறந்தார்கள். மின்னஞ்சல் எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று தேடிப்போன காவல்துறை, நவி மும்பையின் சான்பாடா பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சென்றடைந்தது. அங்கே வாடகைக்கு இருந்தவர் ஓர் அமெரிக்கர். அவரை விசாரித்தார்கள், கணினிகளைக் கைப்பற்றினார்கள், அவர் பெயர் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. கடைசியில் தெரிந்தது இவ்வளவுதான்: அவர் வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் கிடையாது. சிக்னல் எட்டும் தூரத்தில் நின்ற யாரோ அதன் வழியாக மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

அது ஒருமுறையோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சலுக்கு மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பு. செப்டம்பர் 13 தில்லி குண்டுவெடிப்பின்போது வந்ததற்குச் செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் இணைப்பு. மூன்றும் திறந்து கிடந்த வைஃபைகள். 2009 ஜனவரியில் மும்பைக் காவல்துறை, மடிக்கணினியுடன் தெருத்தெருவாகச் சென்று பூட்டாத வைஃபைகளைத் தேடப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே தொலைத்தொடர்புத் துறை, வைஃபை பாதுகாப்பு பற்றி இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

வீட்டு வைஃபை பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஓசியில் படம் பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. மாதம் முழுக்க அளவில்லாத இணையம் கிடைக்கும் இந்தக் காலத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. உண்மையான சிக்கல் முகவரியில் இருக்கிறது. வீட்டில் எத்தனை கைப்பேசி, எத்தனை தொலைக்காட்சி இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்த ஒரே ஒரு ஐபி முகவரிதான். அந்த முகவரியிலிருந்து போகும் எதுவும், யார் அனுப்பியிருந்தாலும், சந்தாதாரர் பெயரிலேயே பதிவாகிறது. அனுமதியின்றி அடுத்தவர் கணினி வலையமைப்பில் நுழைவது இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி தவறு. மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. ஆனால் நுழைந்தவர் யார் என்று கண்டுபிடிக்கும்வரை காவல்துறையிடம் இருப்பது உங்கள் பெயர் மட்டுமே. ஜெர்மனியில் 2010இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வைஃபையின் சொந்தக்காரர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தபோது யாரோ அதன் வழியாக ஒரு பாடலைச் சட்டவிரோதமாகப் பகிர்ந்த வழக்கு அது. பாடலைப் பகிர்ந்தது அவரல்ல என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், இணைப்பைத் தகுந்தபடி பாதுகாக்காததற்கு அவரே பொறுப்பு என்றது. அந்தப் பொறுப்பைச் சட்டத் திருத்தத்தின் மூலம் பெருமளவு நீக்க 2017 வரை ஆனது.

இன்று கடவுச்சொல்லே இல்லாத வீட்டு வைஃபையைப் பார்ப்பது அரிது. ஆகவே கேள்வி வேறு: போட்டிருக்கும் பூட்டு எவ்வளவு தாங்கும்?

முதல் பூட்டு பரிதாபமாகத் தோற்றது. வைஃபைக்கான பொதுத் தரம் 1997இல் வந்தபோது அதனுடன் டபிள்யூஇபி என்ற மறையாக்க முறையும் வந்தது. கம்பியில் போவதற்கு ஈடான தனிமையைக் காற்றில் தருவோம் என்பது அதன் வாக்குறுதி. தரவு பயணிக்கும் சிறு துண்டான ஒவ்வொரு பொட்டலத்தையும் வெவ்வேறு விதமாக மறைக்க, சாவியுடன் 24 பிட் நீளமுள்ள ஓர் எண்ணை அது சேர்த்துக்கொண்டது. 24 பிட் என்றால் சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள். பெரிதாகத் தோன்றும், ஆனால் பரபரப்பான வலையமைப்பில் சில மணி நேரத்திலேயே எண்கள் தீர்ந்து, பழையவை மீண்டும் வரத் தொடங்கிவிடும். 2001இல் ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மான்டின், ஆடி ஷமீர் ஆகிய மூன்று மறையாக்க ஆய்வாளர்களும், வெறுமனே ஒட்டுக்கேட்டுச் சேர்த்த பொட்டலங்களிலிருந்தே சாவியைக் கணக்கிட்டு எடுக்க முடியும் என்று காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினார்கள். இதில் கடவுச்சொல் எளிதா, கடினமா என்பது பொருட்டே இல்லை; முறையே ஓட்டை.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கணினித் தொழில்நுட்பர், தன்னைப் பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்த அண்டை வீட்டாரைப் பழிவாங்க அவர்களுடைய டபிள்யூஇபி வைஃபையை உடைத்து உள்ளே போனார். அந்த வீட்டுக்காரர் பெயரில் மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அவர் வேலைபார்த்த அலுவலகத்துக்கு ஆபாசமான செய்திகள் அனுப்பினார். 2009இல் அப்போதைய துணை அதிபர் ஜோ பைடனுக்கே கொலை மிரட்டல் விடுத்தார். எல்லாம் அந்த வீட்டு முகவரியிலிருந்து போனதாகத்தான் பதிவானது. 2011இல் அவருக்கு 18 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பாதிக்கப்பட்டவர் தன் வைஃபையைத் திறந்து போட்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டியிருந்தார், பூட்டுதான் உளுத்துப்போயிருந்தது.

டபிள்யூஇபிக்குப் பதிலாக 2003இல் டபிள்யூபிஏ வந்தது. பழைய கருவிகளும் ஓட வேண்டும் என்பதற்காக அவசரமாகச் செய்த ஒட்டுப்போடல் அது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2தான் ஒழுங்கான வேலை. ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கத்தைக் கொண்டது. 2006 மார்ச் முதல் வைஃபை சான்றிதழ் பெறும் எல்லாக் கருவிகளிலும் அது கட்டாயமானது. 2018இல் டபிள்யூபிஏ3. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (அதைத் திறக்கும் வழி பின்னால் வருகிறது) பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 இருந்தால் வகையைப் பற்றிய கவலை முடிந்தது. டபிள்யூஇபி என்றோ டிகேஐபி (முதல் டபிள்யூபிஏவின் மறையாக்கம்) என்றோ இருந்தால் உடனே மாற்றுங்கள்.

அதன் பிறகு எஞ்சுவது கடவுச்சொல். பெரும்பாலான வீடுகள் தோற்பது இங்கேதான். காரணம், கடவுச்சொல்லைத் திருட வருபவர் எப்படி வேலை செய்கிறார் என்பது பற்றி நமக்கு இருக்கும் தவறான சித்திரம். அவர் உங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு கடவுச்சொல்லாகத் தட்டிப் பார்ப்பார், நாலைந்து முறை தவறினால் ரவுட்டர் தடுத்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. உங்கள் கைப்பேசி டபிள்யூபிஏ2 வைஃபையில் சேரும்போது இரண்டு பக்கமும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. கடவுச்சொல் அதில் நேரடியாகப் போவதில்லை. ஆனால் ஓர் ஊகம் சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கத் தேவையானது அதில் இருக்கிறது. அருகிலிருப்பவர் அந்த நான்கு செய்திகளை ஒருமுறை பதிவுசெய்துகொண்டால் போதும். பரிமாற்றம் நடக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் பொய்ச் செய்தி ஒன்றை அனுப்பினால், உங்கள் கைப்பேசி விலகித் தானாகவே மீண்டும் சேரும். 2018இல் இன்னொரு வழியும் தெரியவந்தது: சில ரவுட்டர்கள் அனுப்பும் ஒரே ஒரு செய்தியே போதும், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இணைந்திருக்கக்கூடத் தேவையில்லை. பிடித்ததை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு ஊகிப்பது அவருடைய கணினியில், அவருடைய வேகத்தில். உங்கள் ரவுட்டருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இதை எதிர்பார்த்துத்தான் டபிள்யூபிஏ2வை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு ஊகத்தையும் 4,096 சுற்றுக் கணக்கீட்டுக்கு உட்படுத்தி மெதுவாக்கினார்கள். ஆனால் விளையாட்டுப் பிரியர்கள் இன்று வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றே நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களுக்கு மேல் சோதிக்கும். இப்போது நம் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர் அவசரத்தில், "என்ன பாஸ்வேர்ட் வைக்கட்டும்?" என்று கேட்பார். வீட்டுக்காரர் தன் கைப்பேசி எண்ணைச் சொல்வார். பத்து இலக்கம், நீளமாகத்தான் தெரிகிறது. இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும் என்பதால் மொத்தம் உள்ள சாத்தியங்கள் 400 கோடி. நொடிக்குப் பத்து லட்சம் என்று வகுத்தால் 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாட்டிலுள்ள எந்தக் கைப்பேசி எண்ணாக இருந்தாலும் அவ்வளவுதான். உங்கள் எண் அறிந்த அண்டை வீட்டாருக்கு இந்த ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை.

இஸ்ரேலில் இதை ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஈடோ ஹூர்விச் 2021இல் டெல் அவீவ் நகரத் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபைகளின் தகவலைச் சேகரித்தார். அவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் உடைத்தார். அங்கேயும் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் உண்டு. அந்த நாட்டுக் கைப்பேசி எண்கள் 05 என்று தொடங்குவதால் ஊகிக்க வேண்டியது எட்டு இலக்கம் மட்டுமே. நம்மைவிட எளிது. ஆனால் 400 கோடியும் 10 கோடியும் இந்த இயந்திரத்துக்குப் பெரிய வித்தியாசம் அல்ல.

வலுவான கடவுச்சொல் என்றதும் ஆச்சரியக்குறி, டாலர்க்குறி எல்லாம் கலந்து எட்டெழுத்தில் ஒன்றை வைத்துவிட்டு, விருந்தாளி கேட்கும்போது சொல்ல முடியாமல் தவிக்கும் வீடுகளைப் பார்க்கிறோம். வேண்டாத தொல்லை. வைஃபைக் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம் என்று தரமே அனுமதிக்கிறது; அந்த நீளத்தைப் பயன்படுத்துவதுதான் லாபம். கையில் இருக்கும் ஓர் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு இடத்தில் திறந்து, விரல் தொடும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் 8,000 சொற்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், எந்த அகராதி என்பதும் திருடருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாச் சேர்க்கைகளையும் நொடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதிக்கச் சுமார் 130 ஆண்டுகள் ஆகும். ஐந்தாவது சொல் ஒன்றைச் சேர்த்தால் அது பத்து லட்சம் ஆண்டுகளாகிவிடும். தமிழ் எழுத்துகளை ரவுட்டர் ஏற்காது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: சொற்களை அகராதி தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். நாம் தேர்ந்தெடுத்தால் குலதெய்வம், குழந்தை பெயர், பிறந்த ஆண்டு என்றுதான் வரும்.

டபிள்யூபிஏ3 இந்த ஊக விளையாட்டையே நிறுத்துகிறது. அதில் பரிமாற்றத்தைப் பதிவுசெய்து எடுத்துப்போனாலும் வீட்டில் உட்கார்ந்து சோதிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும். துண்டிக்கச் சொல்லும் பொய்ச் செய்திகளும் அதில் எடுபடாது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய தொலைக்காட்சிக்கும் கேமராவுக்கும் டபிள்யூபிஏ3 தெரியாது. அதனால் ரவுட்டரைக் கலப்பு முறையில் வைப்போம். அப்போது டபிள்யூபிஏ2 வழியும் திறந்தே இருக்கும், பழைய ஊகமும் அதன் வழியே நடக்கும். நீளமான கடவுச்சொல்லின் தேவை இன்னும் போய்விடவில்லை.

டபிள்யூபிஏ2வில் அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம்: கடவுச்சொல் தெரிந்த ஒருவர், உங்கள் கைப்பேசி இணையும்போது நடக்கும் அந்தப் பரிமாற்றத்தையும் பிடித்துவிட்டால், அதன் வைஃபைப் போக்குவரத்தை அவிழ்த்துப் பார்க்க முடியும். வங்கி, மின்னஞ்சல் போன்ற தளங்கள் தனியாகத் தங்கள் மறையாக்கத்தை வைத்திருப்பதால் உள்ளடக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியவரலாம். ஆகவே கடவுச்சொல்லைக் கொடுப்பது டேட்டாவைக் கொடுப்பதோடு முடிவதில்லை.

பாதுகாப்புக் குறிப்புகள் என்று சுற்றும் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் இரண்டு யோசனைகள் உண்டு. வைஃபையின் பெயரை மறைத்துவிடுங்கள் என்பது ஒன்று. அனுமதித்த கருவிகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) மட்டும் சேர்த்து மற்றவற்றைத் தடுத்துவிடுங்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பெயரை மறைத்தாலும் உங்கள் கைப்பேசி சேரும்போது அதைச் சொல்லித்தான் சேர்கிறது, கேட்பவர் கேட்டுக்கொள்வார். கூடுதல் கேடு என்னவென்றால், மறைந்த வைஃபையைத் தேடும் கைப்பேசி, நீங்கள் போகும் பேருந்து நிலையத்திலும் கல்யாண மண்டபத்திலும் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே இருக்கும். மேக் முகவரியோ ஒவ்வொரு பொட்டலத்திலும் மறையாக்கம் இல்லாமலேயே பயணிக்கிறது. அதைப் படித்துத் தன் கருவிக்குச் சூட்டிக்கொள்வது ஒரு நிமிட வேலை. வந்தவரை அது தடுக்காது, வீட்டுக்காரரைத்தான் தடுக்கும்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் தனியுரிமைக்காகத் தங்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன.

இதற்கு நேர்மாறாக, அந்தப் பட்டியல்களில் பல சமயம் விட்டுப்போகும் டபிள்யூபிஎஸ் வசதி மிகவும் கவனிக்கத் தக்கது. கடவுச்சொல் தட்டச்சு செய்யாமல் எட்டு இலக்க எண் ஒன்றைக் கொண்டு கருவிகளைச் சேர்க்கும் ஏற்பாடு இது. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி சாத்தியங்கள் இருக்க வேண்டும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் ஒரு கோடி. ஆனால் எண்ணின் முதல் பாதி சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது என்று 2011 டிசம்பரில் ஆஸ்திரிய ஆய்வாளர் ஸ்டெஃபான் ஃபீபெக் வெளியிட்டார். முதல் நான்கு இலக்கத்துக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, ஆக 11,000 முயற்சிகளில் முடிந்துவிடும். கடவுச்சொல் 63 எழுத்து இருந்தாலும் இந்தப் பின்வாசல் வழியாக அது வெளியே வந்துவிடும். பின்னால் வந்த ரவுட்டர்கள் பல, தவறான முயற்சிகளுக்குப் பிறகு இதைப் பூட்டிக்கொள்கின்றன. ஆனாலும் அணைத்துவிடுவதே நல்லது.

இனி ரவுட்டரின் உட்புறம். 192.168.1.1 போன்ற ஒரு முகவரியை உலாவியில் அடித்தால் வரும் அமைப்புப் பக்கத்துக்கு வேறொரு கடவுச்சொல் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் அது ஆலையிலிருந்து வந்தபடியே, பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்று இருக்கும். 2016இல் மிராய் என்ற தீநிரல், இப்படி ஆலையில் வைத்த பெயர், கடவுச்சொல் இணைகள் சுமார் அறுபதை மட்டுமே வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை, தளப் பெயர்களுக்கு எண் முகவரி சொல்லும் சேவை தந்த டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. மிராய் வந்தது வைஃபை வழியாக அல்ல, இணையத்திலிருந்து. ஆகவே வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதை அணைத்து வையுங்கள்.

அமைப்புப் பக்கம் அடுத்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் உதாரணம். 2011, 2012 வாக்கில் அங்கே சுமார் 45 லட்சம் மோடம்களில், மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து டிஎன்எஸ் அமைப்பை மாற்றினார்கள். தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். அதைக் கைப்பற்றியவர், நீங்கள் வங்கியின் முகவரியைச் சரியாகவே தட்டச்சு செய்தாலும் தன் போலித் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். கணினியில் வைரஸ் இருக்காது, தேடினாலும் கிடைக்காது. பழுது சுவரில் தொங்கும் பெட்டியில் இருக்கிறது.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க, அதே அமைப்புப் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியல் உண்டு. முன்பெல்லாம் அது தெளிவாக இருந்தது. இப்போது கைப்பேசிகள் முகவரியை மாற்றிக்கொள்வதால் சொந்தக் கைப்பேசியே அந்நியமாகத் தெரியும். மின்விளக்கும் ஏசியும்கூட விளங்காத பெயரில் வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் துப்பறியப் போகாமல் கடவுச்சொல்லை மாற்றிவிடுவதே குறுக்குவழி. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும்.

அந்த வேலையோடு விருந்தினர் வைஃபையையும் தொடங்கிவிடுங்கள். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கணினிகளும் அமைப்புப் பக்கமும் எட்டாது. விடுமுறைக்கு வரும் உறவினர், மாடியில் குடியிருப்பவர், பழுதுபார்க்க வருபவர் என்று எல்லாருக்கும் அதையே கொடுக்கலாம். முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. மலிவு விலைக் கேமராக்களையும் அதிலேயே போட்டுவிடுவது நல்லது. ஆனால் விருந்தினர் வைஃபையும் உங்கள் ஐபி முகவரியில்தான் வெளியே போகிறது. ஆகவே சான்பாடா வகைச் சிக்கலுக்கு அது மருந்தல்ல. அதற்கும் கடவுச்சொல் வேண்டும், ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றவும் வேண்டும்.

மென்பொருள் புதுப்பிப்பு விஷயத்தில்தான் இந்தியச் சந்தாதாரர் கை கட்டப்பட்டிருக்கிறது. ஃபைபர் இணைப்புடன் வரும் பெட்டி பெரும்பாலும் இணைய நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் மென்பொருளை அவர்கள்தான் தொலைவிலிருந்து புதுப்பிக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் நமக்குத் திறந்துவிட்டிருப்பது சில வரிகள் மட்டுமே. அந்தப் பெட்டியில் டபிள்யூபிஎஸ்ஸை அணைக்க வழி இல்லை, ஏஇஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை என்றால், முதலில் வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் செய்துதரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அதன் வைஃபையை நிறுத்திவிட்டு, டபிள்யூபிஏ3 உள்ள சொந்த ரவுட்டர் ஒன்றை அதில் கம்பி வழியாக இணைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது ஆன்டெனாக்களை எண்ணிக்கொண்டிருக்காமல், தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருகிறார் என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாதிரிக்குக் கடைசியாகப் புதுப்பிப்பு வெளியான தேதியைப் பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும்.